சீசனில் கேட்ட அடையாளம்

தீக்காய வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கைகளுக்கு,

உங்கள் ஜெபக்குழுவில் வந்து பேசச் சொல்லி இரண்டு முறை போன் செய்தீர்கள். இரண்டு முறையும் முழங்கால் வலி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். வலி உண்மைதான், ஆனால் நான் வராததற்கு அது காரணமில்லை. நீங்கள் கொடுத்த தலைப்புதான் காரணம். "தேவசித்தத்தை அறிவது எப்படி?" இதைப் பற்றி எழுந்து நின்று பேச எனக்கு நாக்கு எழாது. எழுதினால் என் முகத்தை யாரும் பார்க்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

உங்களில் ஒருத்தி ஜெர்மனிக்குப் போகலாமா என்று கேட்டிருந்தாள். இன்னொருத்தி, வீட்டில் பார்த்திருக்கும் மாப்பிள்ளைக்குச் சரி சொல்லலாமா என்று கேட்டிருந்தாள். "நீங்க ஜெபம் பண்ணிட்டுச் சொல்லுங்க சிஸ்டர், உங்களுக்குக் கர்த்தர் கட்டாயம் காட்டுவாரு" என்று கூடவே ஒரு வரி. அந்த வரியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிவகாசிப் பக்கத்தில் முப்பத்துமூன்று வருஷம் வெந்த உடம்புகளைப் பார்த்தவள் நான். எந்தக் காயம் ஆறும், எது ஆறாது என்று கட்டைப் பிரிக்கும்போதே ஓரளவு சொல்லிவிடுவேன். தேவசித்தத்தைப் பொறுத்தமட்டில் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது நான் செய்த ஒரு தப்புதான். அதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்று. நாரணாபுரம் பக்கத்திலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். மதுரைக்கு அனுப்ப ஒரே ஒரு ஆம்புலன்ஸ்தான் நின்றது. அதில் ஒருவரைத்தான் படுக்க வைக்க முடியும். டாக்டர் உள்ளே இன்னொரு உயிரோடு போராடிக்கொண்டிருந்தார். வார்டின் தலைமை சிஸ்டர் இரண்டு பேரையும் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மூச்சுக்குத் திணறியவரைக் காட்டி, "இவரை ஏத்துங்க" என்றார். நான் பயந்துபோய், "சிஸ்டர், ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணிட்டு முடிவெடுக்கலாமா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "காலையில டூட்டிக்கு முன்னாடி ஜெபம் பண்ணோம்ல, அது எதுக்குன்னு நினைச்ச? கண்ணைத் திறந்து பாக்குறதுக்குத்தான். போ, ஸ்டிரெச்சரைப் பிடி."

வார்டில் இது எனக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. கண்ணைத் திறந்து பார்த்து முடிவெடுப்பதில் நான் கெட்டிக்காரி என்றே பெயர் வாங்கினேன். என் சொந்த விஷயம் என்று வந்தபோதுதான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

அப்போது எனக்கு வயது முப்பத்துநான்கு. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அண்ணன் தன் குடும்பத்தோடு வெளியூரில் இருந்தான். ஹாஸ்டல், வார்டு, கோயில் என்று மூன்றே இடங்களில் என் நாள் முடிந்துவிடும். "பியூலா சிஸ்டர் ஊழியத்துக்கென்றே பிறந்தவள்" என்று என்னைப் பற்றிச் சபையில் பேசிக்கொள்வார்கள். கல்யாணம் ஆகாத பெண்ணைப் பற்றிக் கௌரவமாகச் சொல்வதற்கு நம்மிடம் இருக்கும் வார்த்தை அது. எனக்கும் அதைக் கேட்கக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஆசீர் சார் வந்தார். சொந்த ஊர் மல்லாங்கிணறு. வால்பாறையில் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தங்கைகளைக் கட்டிக்கொடுத்து முடித்தபோது அவருக்கும் முப்பத்தாறு ஆகிவிட்டிருந்தது. அவருடைய அப்பா காலில் வெந்நீர் கொட்டி எங்கள் வார்டில் மூன்று வாரம் இருந்தார். லீவு போட்டுக் கூட இருந்து பார்த்துக்கொண்டவர் இவர். பெரியவருக்கு நான் கட்டு மாற்றும்போது இவர் தலைமாட்டில் நின்று வால்பாறை மழையைப் பற்றிச் சொல்வார். "அங்கன துணி காயவே காயாது சிஸ்டர். அடுப்பு மேல கட்டித் தொங்கவிடுவோம்" என்பார். நம்ம ஊர் வெயிலில் துணியைக் கொடியில் போட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடும். காயாத துணியைப் பற்றிக் கேட்பதே எனக்குச் சுகமாக இருந்தது. அவர் டிஸ்சார்ஜ் ஆன அப்பாவைக் கூட்டிக்கொண்டு போன மறுநாள், வார்டுக்குள் நுழைந்ததும் அந்தக் கட்டில் பக்கம் என் கண் தானாகப் போனது. அங்கே வேறு யாரோ படுத்திருந்தார்கள்.

ஒரு மாதம் கழித்து எங்கள் சபைக் குருவானவரின் மனைவி மூலமாகப் பெண் கேட்டு ஆள் வந்தது. அவரை ஐயரம்மா என்று கூப்பிடுவோம். "நல்ல பையன், நல்ல குடும்பம். உனக்குச் சம்மதம்னா தீபாவளி கழிச்சு நிச்சயம் வச்சுக்கிடலாம்ங்காக. ஜெபம் பண்ணிச் சொல்லு தாயி" என்றார்.

சம்மதம் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. ஆனால் அந்தப் பிடித்திருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. நமக்கு ஆசையாக இருப்பது எதுவும் தேவசித்தமாக இருக்காது, கஷ்டமாக இருப்பதுதான் அவருடைய சித்தம் என்று எனக்குள் ஒரு எண்ணம் சின்ன வயதிலிருந்தே ஊறிக் கிடந்தது. இதை யாரும் எனக்கு நேராகச் சொல்லிக் கொடுக்கவில்லை. சபையில் ஒவ்வொருவரும் எழுந்து தங்கள் அனுபவத்தைச் சொல்லும் சாட்சிகளிலிருந்து நானே பொறுக்கிக்கொண்டது. வால்பாறைக்குப் போனால் இந்த வார்டை விட வேண்டும். அப்போது தீக்காயத்துக்குப் பழகிய நர்ஸுகள் எங்களிடம் மொத்தமே நான்கு பேர். எரிந்து வருகிறவர்களை விட்டுவிட்டுக் குளிரில் போய்க் குடும்பம் நடத்துவதா என்று மனசு குத்தியது.

அதனால் அடையாளம் கேட்டேன். எங்கள் ஆட்களிடம் இது பழைய வழக்கம். சிலர் இரண்டு சீட்டு எழுதிப் போட்டு ஜெபித்து எடுப்பார்கள். சிலர் இந்தத் தேதிக்குள் இது நடந்தால் சரி, நடக்காவிட்டால் இல்லை என்று கேட்பார்கள். நான் கேட்டது இது: "ஆண்டவரே, இன்றிலிருந்து பத்து நாள் எங்கள் வார்டுக்குப் புதிதாக ஒரு வெடி விபத்துக் கேஸும் வராமல் இருந்தால், நான் போகலாம் என்று எடுத்துக்கொள்கிறேன். வந்தால், இங்கேயே இருக்கச் சொல்கிறீர் என்று எடுத்துக்கொள்கிறேன்."

எப்போது கேட்டேன் தெரியுமா? தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது. பட்டாசுக் கம்பெனிகளில் கடைசி ஆர்டருக்கு ஆள் மாற்றி ஆள் ஓடிக்கொண்டிருக்கும் நேரம். சாலையில் லோடு லாரிகள் வரிசையாக நிற்கும் நேரம். இந்த ஊரில் பிறந்த எந்தக் குழந்தையைக் கேட்டாலும், சீசனில் பத்து நாள் சும்மா போகாது என்று சொல்லும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டேன் என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

ஆனால் ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று. ஒரு கேஸும் வரவில்லை. நாலாம் நாளில் எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல் வர ஆரம்பித்தது. ஆறாம் நாள், கம்பளி எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று ஹாஸ்டலில் ஒரு தோழியிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன். வெளியே ஆட்டோ வந்து நிற்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஊரே ஆபத்தில்லாமல் இருக்க வேண்டும் என்று அவ்வளவு உருக்கமாக நான் அதற்கு முன்னும் ஜெபித்ததில்லை, பின்னும் ஜெபித்ததில்லை. அது ஊருக்காகச் செய்த ஜெபமும் இல்லை.

ஒன்பதாம் நாள் மத்தியானம் தாயில்பட்டிப் பக்கத்திலிருந்து வேன் வந்தது. ஒரு சின்னக் கம்பெனியில், பூச்சட்டி வாணத்துக்கு வெடிமருந்து செலுத்தும் அறையில் தீப்பிடித்திருந்தது. உள்ளே இருந்தது இரண்டு பெண்கள். ஒருத்தியை எங்களிடம் கொண்டுவரவில்லை, கொண்டுவரத் தேவையில்லாமல் போய்விட்டது. மற்றவளை இறக்கினார்கள். பேர் பேச்சியம்மாள், வயது முப்பது. இரண்டு கையும் கழுத்தும் ஒரு பக்கத்துத் தோளும் வெந்திருந்தன. அவள் முழு நினைவோடு இருந்தாள். என்னைப் பார்த்து, "தண்ணி, தண்ணி" என்றாள்.

தங்கைகளே, இதைத்தான் நான் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. அவளைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்த நினைப்பு, "ஐயோ, இவள் பிழைப்பாளா?" என்பதில்லை. "சரி, இல்லை என்று சொல்லிவிட்டார்" என்பதுதான். அப்படியே நின்றேன். கூட இருந்த நர்ஸ், "சிஸ்டர், என்ன செய்யணும்? சிஸ்டர்!" என்று இரண்டு தடவை கத்திய பிறகுதான் கை அசைந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ரொம்ப நேரம் இருக்காது. அதனால் அவளுக்குக் கெடுதல் ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகு என்னால் ஆனதெல்லாம் செய்தேன். ஆனாலும், தண்ணீர் கேட்ட ஒருத்திக்கு முன்னால் என் கல்யாணத்தை நினைத்துக்கொண்டு நின்றவள் நான்.

மறுநாள் ஐயரம்மாவிடம் போய், "கர்த்தர் கதவை அடைச்சிட்டாரும்மா. இது அவரோட சித்தம் இல்லை" என்று சொன்னேன். அவர் என் தலையில் கை வைத்து ஜெபித்தார். என்னை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த வாக்கியத்துக்குப் பிறகு யாருக்கும் கேட்க ஒன்றும் இருக்காது. தீபாவளி அன்று ஹாஸ்டல் மாடியில் உட்கார்ந்து, ஊரெல்லாம் வெடித்ததைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அழுதேன். கீழ்ப்படிந்ததற்கு இது விலை என்று நினைத்து, அந்த அழுகையையும் ஒரு காணிக்கை மாதிரி மேலே அனுப்பினேன்.

பேச்சியம்மாள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் காயம் ஆறும்போது தோல் இழுத்துப் பிடித்து விரல்கள் மடங்கிவிட்டன. அதை நிமிர்த்துவதற்காக வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் வருவாள். விரலை ஒவ்வொன்றாகப் பிடித்து நான் நிமிர்த்துவேன். வலியில் என்னைத் திட்டுவாள், திட்டி முடித்ததும் சிரிப்பாள். "உங்க கையில என்ன இரும்பா வச்சிருக்கீக?" என்பாள். அவள்மேல் நான் மிகவும் பிரியமாக இருந்தேன். அவள்தான் கர்த்தர் எனக்கு அனுப்பிய பதில் என்று மனதில் வைத்திருந்ததால் வந்த பிரியம் அது.

ஏழு மாதம் போயிற்று. மே மாதத்தில் ஒரு நாள் அவள் ரொம்ப மனம் உடைந்து வந்தாள். பிள்ளைக்குத் தலை சீவிவிட முடியவில்லை என்று அழுதாள். "எனக்கு ஏன் இப்படி ஆச்சு சிஸ்டர்? நான் யாருக்கு என்ன செஞ்சேன்?" என்றாள். அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு நான் என் சாட்சியைச் சொன்னேன். அடையாளம் கேட்டதை, பத்து நாளை, ஒன்பதாம் நாள் அவள் வந்ததை எல்லாம் சொன்னேன். "நீ வந்ததாலதான் நான் இங்க இருக்கேன். உன் கஷ்டம் வீணாப் போகலை, பேச்சி" என்று முடித்தேன்.

அவள் என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு ஒரு சேதி சொல்லுறதுக்கு உங்க சாமி என்னைய எரிச்சாரா?"

நான் மறுபடியும் அந்தக் கையைப் பிடிக்கப் போனேன்.

"அப்ப எங்கூட இருந்து செத்துப்போனாளே, அவ யாருக்குச் சேதி? அவ பிள்ளைக கிட்டப் போயி இப்படிச் சொல்லுவீகளா?"

"அப்படி இல்லை பேச்சி..."

"ஏன் தீப்பிடிச்சுச்சுன்னு எனக்குத் தெரியும் சிஸ்டர். ஆர்டர் முடியணும்னு நாலு பேர் உக்கார வேண்டிய எடத்துல நாப்பது பேருக்கு ஆகுற மருந்தைக் கொண்டாந்து குவிச்சாக. வேண்டாம்னு சொன்னோம், கேக்கலை. அதான் நடந்துச்சு. அதுல உங்க கல்யாணம் எங்கன வந்துச்சு? அதுவும் சீசன்ல போயி பத்து நாள் கேட்டிருக்கீக. போக வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே."

அன்று மீதி விரல்களை நிமிர்த்த அவள் விடவில்லை. பையை மடங்கிய கையில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வாரம் வந்தாள். மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க, கையைப் பாருங்க" என்றாள். கடைசி வரைக்கும் வந்தாள், பழையபடி திட்டினாள். சிரிப்பு மட்டும் திரும்பி வரவில்லை.

தங்கைகளே, அடையாளம் கேட்கிறவர்கள் கேளுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்கும் அடையாளத்துக்குள் யாருடைய உடம்பு இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். அடுத்தவர் வீட்டுத் துக்கம் நமக்கு எழுதிய கடிதம் இல்லை. ஒருவர் எரிந்து வந்தால் அதில் நமக்கு இருக்கும் தேவசித்தம் ஒன்றே ஒன்றுதான். தண்ணீர் கொடுப்பது.

அவள் பேசியது என்னை அறுத்ததும் உண்மை, அவிழ்த்துவிட்டதும் உண்மை. அந்தத் தீ எனக்கு வந்த பதில் இல்லை என்றால், என் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. ஆசீர் சாரைப் போய்ப் பார்க்கலாம். கோடை லீவுக்கு ஊருக்கு வந்திருப்பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, விருதுநகர் போய் பஸ் மாறி, மல்லாங்கிணற்றில் இறங்கினேன். ஆராதனை பாதி முடிந்திருந்தது. பின்வரிசையில் ஓரமாக உட்கார்ந்தேன். மூன்று வரிசை முன்னால் அவருடைய பின்தலை தெரிந்தது. முடி வெட்டியிருந்தார்.

பிரசங்கத்துக்கு முன்னால் அறிவிப்புகள் வாசித்தார்கள். அதில் ஓலை வாசிப்பும் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு மாப்பிள்ளை பெண் பெயரைச் சபையில் வாசித்து, யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லச் சொல்வோமே, அதுதான். ஆசீர் பெயரை வாசித்தார்கள். பெண் தூத்துக்குடிப் பக்கம், டீச்சர். "இந்த விவாகத்துக்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்" என்று குருவானவர் சொல்லிவிட்டு, வழக்கம்போல் ஒரு விநாடி நிறுத்தினார். நான் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

பழைய பியூலாவாக இருந்தால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டிருப்பேன். பார்த்தாயா, கர்த்தர் மறுபடியும் கதவை அடைத்தார் என்று மனதைத் தேற்றியிருப்பேன். அந்த வசதியைப் பேச்சியம்மாள் என்னிடமிருந்து பிடுங்கிவிட்டாள். நான் தாமதமாக வந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

முடிந்து வெளியே வரும்போது அவர் பார்த்துவிட்டார். வேகமாக வந்தார். "சிஸ்டர்! எப்ப வந்தீக? நல்லா இருக்கீகளா?"

"இங்கன ஒரு பேஷண்டைப் பாக்க வந்தேன். அப்பா கால் எப்படி இருக்கு?"

"நல்லா நடக்காரு. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போங்க."

"இல்லை சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு. இப்பத்தான் ஓலை கேட்டேன். சந்தோஷம்."

அவர் வாசல் ஓரமாக ஒதுங்கி நின்றார். ஆட்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். பிறகு மெதுவாக, "ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீகளே. நெசமாவே கர்த்தர் வேண்டாம்னு சொன்னாரா?" என்றார்.

"அப்படித்தான் நினைச்சேன்."

"இல்ல... உங்களுக்கு இஷ்டம் இல்ல, இல்ல பயமா இருக்கு, அப்படின்னு நீங்க சொல்லியிருந்தீகன்னா நான் நேர்ல வந்து ஏன்னு கேட்டிருப்பேன். வால்பாறை பிடிக்கலைன்னா இந்தப் பக்கமே ஒரு பள்ளிக்கூடம் பாத்திருப்பேன். கர்த்தர் வேண்டாம்னுட்டாருன்னு ஐயரம்மா வந்து சொல்லிட்டாக. அதுக்கு மேல நான் யார்கிட்டப் போயி கேக்க?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார்.  "நல்லா இருங்க சார்" என்று சொல்லிவிட்டு ரோட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்தப் பக்கமே ஒரு பள்ளிக்கூடம். வார்டா, வால்பாறையா என்று நான் இரண்டே வழியைக் கர்த்தருக்கு முன்னால் வைத்தேன். மூன்றாவது வழி ஒரு மனிதனிடம் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். என் பயத்துக்குக் கர்த்தருடைய பெயரைப் போட்டு அனுப்பினேன். எதிரே நின்றவருடைய வாய் அடைத்துப்போயிற்று. இல்லை என்று சொல்ல வேண்டுமானால் சொல்லுங்கள் தங்கைகளே. உங்கள் பெயரில் சொல்லுங்கள்.

வார்டில் நான் மிச்சமிருந்த வருஷங்களும் வேலை பார்த்தேன். நிறையப் பேர் பிழைத்தார்கள். அதற்காகத்தான் கர்த்தர் என்னை நிறுத்தினார் என்று ரிடையர்மெண்ட் அன்று மேடையில் சொன்னார்கள். இருக்கலாம். எனக்குத் தெரியாது. இப்போது விருதுநகரில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறேன். ஒரு ஆளுக்கு மட்டும் குழம்பு வைக்க இன்னும் எனக்கு அளவு வரவில்லை, இரண்டு நாளைக்கு அதையே சாப்பிடுகிறேன். சில நாள் சாயங்காலம் வரைக்கும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலேயே போய்விடும். தனியாக இருக்கிறேன், அது வலிக்கிறது. அதற்கு ஊழியம் என்று பெயர் வைக்க எனக்கு இனிமேல் தெம்பு இல்லை.

அதனால், ஜெர்மனிக்குப் போகலாமா, அந்த மாப்பிள்ளையைக் கட்டலாமா என்று நான் ஜெபித்துச் சொல்ல மாட்டேன். நீங்கள் என்ன ஆசைப்படுகிறீர்கள் என்று மட்டும் கேட்பேன். அதை நீங்கள் கர்த்தரிடம் சொன்னீர்களா என்றும் கேட்பேன்.

நான் சொல்லவில்லை. அந்த ஒன்பது நாளும் முழங்காலில் நின்று என்னென்னவோ கேட்டேன். உம்முடைய சித்தம், உம்முடைய சித்தம் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை. மல்லாங்கிணற்றிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணை மூடாமல், வாய்விட்டே சொன்னேன். "ஆண்டவரே, எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சிருந்துச்சு." முன் சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். அதைக் கர்த்தரிடம் நான் சொன்னது அன்றுதான் முதல் தடவை.